நானும் படம் எடுக்கிறவதானே

எந்தப் படம் வந்தாலும் அவரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எத்தனை எலும்புக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வேலைக்கு வருவார். டிபன் டப்பாவை அலமாரியில் வைப்பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆணியில் தொங்கும் கனத்த ஈய ஏப்ரனைத் துடைக்க ஆரம்பிப்பார். அதற்குள் நர்ஸுகள், மருந்துக்கடைப் பெண், லேபிலிருந்து நான், எல்லாரும் எக்ஸ்ரே அறை வாசலில் கூடிவிடுவோம். கதை எப்படி, பாட்டு எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. அதையெல்லாம் சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். சண்டையில் முறிந்த எலும்பை எண்ணிச் சொல்ல அவர் ஒருவர்தான்.

"பதினேழு," என்பார். "அதுல ரெண்டு தொடை. ஒருத்தனுக்குக் கழுத்து. அவன் பொழைக்க மாட்டான்."

காரைக்குடியில் இருபது படுக்கை கொண்ட ஒரு சின்ன தனியார் மருத்துவமனை அது. அங்கே ஒன்பது வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டாக்டர்கள், நோயாளிகள், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை.

மற்ற மாதங்களில் அவர் தியேட்டர் இருக்கும் தெருப்பக்கமே போகமாட்டார். பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்து, பெரிய படங்கள் வாரத்துக்கு ஒன்றாக வந்து இறங்கும் அந்த இரண்டு மாதமும் ஒரு ஞாயிறும் தவறாது. காரணம் கேட்டால் ஏசி என்பார். அவர் வீட்டு மாடியறை சித்திரை வெயிலில் அடுப்புக்கல்லாகக் காயும். "மூணு மணி நேரம் குளுகுளுன்னு உக்காந்துட்டு வரலாம்டி. படம் இனாம்."

ஒரு வருஷத்துக் கோடை எனக்கு இன்னும் வாரம் வாரமாக நினைவிருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த முதல் கோடை அது. முதல் வாரம் வந்தது இரட்டை வேடப் படம். ஊரே கொண்டாடியது. அக்கா ஏப்ரனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணனும் அவன்தான், தம்பியும் அவன்தான். அண்ணனுக்கு மீசை, தம்பிக்குக் கண்ணாடி. அண்ணன் அடிச்சா அஞ்சடி தள்ளி விழுறாக, தம்பி அடிச்சா பத்தடி. காலேஜுல படிக்கிற புள்ளைக்கு அம்புட்டுப் பலம் எங்குட்டிருந்து வந்துச்சோ. இருபத்தி மூணு."

அடுத்த வாரம் பேய்ப் படம். பேய்க்கு எலும்பு கிடையாது, அதனால் அதைப்பற்றித் தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். ஆனால் அந்தப் பங்களாவில் சமையல் வேலை பார்த்த வயசான அம்மாள் பேயைக் கண்டு படியில் உருண்டாரே, அது நிச்சயமாக இடுப்பு. அதற்குப் பிறகு அந்த அம்மாளைப் படத்தில் காணவே இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் கடைசிக் காட்சியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் சமைத்தது என்று அக்காவுக்குச் சந்தேகம்.

மூன்றாவது வாரம் டப்பிங் படம். ஆகாயத்திலிருந்து வந்த ராட்சசன் ஒரு பெரிய நகரத்தையே இடித்துத் தள்ளுவான். அந்தத் திங்கட்கிழமை அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. எண்ண முடியவில்லை என்றார். ஐம்பது மாடிக் கட்டடம் சரிகிறது, உள்ளே ஆபீஸ் நடந்துகொண்டிருக்கிறது, ஒரே ஒரு ஆளையாவது ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவதைக் காட்ட வேண்டாமா என்று கேட்டார். "அத்தனை பேருக்கும் யாருடி படம் எடுக்கிறது? அந்த ஊர்லயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள்ல. அன்னைக்கு அவ வீட்டுக்குப் போயிருப்பாளா?"

"படம் எடுக்கிறவுகளுக்கு இதெல்லாம் தெரியாதாக்கா?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"நானும் படம் எடுக்கிறவதானே. எனக்குத் தெரியுதுல்ல?"

நான்காவது வாரம் குடும்பப் படம். தியேட்டரே அழுதது. அக்கா இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார். எலும்பு பூஜ்யம். ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது, ஆனால் அது ஈசிஜி அறைக்காரர்கள் பார்க்கவேண்டிய விஷயம், தன் துறை இல்லை என்று முடித்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதாநாயகன் வரும்போது அவரும் சிரித்த முகமாகத்தான் பார்ப்பார், பாட்டுக்குக் கால் தட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்துவிட்டால் அவரும் வந்து விசில் அடிப்பார். அக்கா தடுக்கமாட்டார். ஆனால் சண்டை ஆரம்பித்ததும் அவர் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். எங்கள் கண்கள் அடிக்கிறவனின் கையோடு போகும். அவர் கண்கள் விழுந்தவனோடு தங்கிவிடும். கேமரா நகர்ந்த பிறகும், திரையின் ஓரத்தில் தரையோடு கிடக்கும் அந்த ஆளை, அவன் மறைகிற வரைக்கும் பார்ப்பார். "எந்திரிச்சானா?" என்று என்னிடம் கேட்பார். நான் பார்த்திருக்கமாட்டேன்.

அதனால் அடியாட்களின் முகங்கள் அவருக்கு அத்துப்படி. இந்த மொட்டைத்தலை போன வருஷம் ரயில் சண்டையில் வந்தவர், இந்தச் சுருட்டைமுடிக்காரர் மூன்று படத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தவர் என்று ஒவ்வொருவரையும் அடையாளம் சொல்வார். பெயர் தெரியாது. பெயர் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது தியேட்டரில் விளக்கைப் போட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அவரோடு நான்கு கோடைகள் படம் பார்த்தேன். அதன்பின் எனக்கும் சண்டைக் காட்சி பாழாகிவிட்டது. இப்போது திருச்சியில் பெரிய மால் தியேட்டரில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போதும் என் கண் கீழே கிடப்பவனைத் தேடுகிறது. "படத்தை ரசிக்கத் தெரியாதா உனக்கு?" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார்.

எக்ஸ்ரே அறைக்கும் என் லேபுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். நாள் முழுக்க அவர் குரல் கேட்கும். "இங்குட்டுத் திரும்புங்க. மூச்சை இழுங்க. புடிங்க. விடுங்க." நெற்குப்பை ஊர்ப்பக்கம் டிராக்டரிலிருந்து விழுந்தவர், மாட்டுக்கொம்பு பட்டவர், குளியலறையில் வழுக்கிய ஆச்சிகள், எல்லாரிடமும் முதலில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார். அவசரம் என்றாலும் அதைக் கேட்காமல் படுக்க வைக்கமாட்டார். அவர்களும் கையை காலை ஆட்டி, விழுந்ததைத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் ஆம்பளைகள் இல்லை என்று பொய் சொல்வார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அவர் படம் எடுக்கும் கணத்தில் மின்சாரம் ஒரு நொடி தாழும். என் மைக்ராஸ்கோப் விளக்கு ஒருமுறை சிமிட்டும். ஒரு சிமிட்டு, ஒரு படம். வெளியே அறைக்கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது. கதிர் உடம்புக்குக் கெடுதல் என்று எல்லாருக்கும் பயம். எவ்வளவு நேரம் கெடுதல், எவ்வளவு தூரம் கெடுதல் என்பது யாருக்கும் தெரியாது. உண்மையில் ஒரு படத்துக்கு ஒரு விநாடிகூட ஆகாது.

நான் கர்ப்பமாக இருந்த வருஷம் அக்கா அந்த நடைவழியில் என்னை நடக்கவே விடமாட்டார். சிவப்பு விளக்கு எரியாதபோதும் "அங்குட்டுச் சுத்திப் போ புள்ள" என்று விரட்டுவார். அந்த வருஷம் மாசி மாதத்தில்தான் இது நடந்தது.

கண்டரமாணிக்கம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் சினிமாப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அது புதுசில்லை. எங்கள் மருத்துவமனை நிர்வாகத்தை டாக்டரின் மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேனேஜர் என்போம். புதிதாகக் கட்டிய ஸ்கேன் அறையைக் கதாநாயகனைக் கொண்டு திறக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. சினிமா கம்பெனிக்காரர்களைப் பிடித்துப் பேசியிருந்தார், அவர்களும் சரி என்று தலையாட்டியிருந்தார்கள். ரிப்பன்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. இரண்டு பேர் தோள்கொடுத்து ஒருவரை நடத்தி உள்ளே கூட்டிவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, முகமெல்லாம் ரத்தம். நடைவழியில் வந்த அக்கா பார்த்த பார்வையிலேயே அவர்களை நிறுத்திவிட்டார்.

"யாரு இவுகளை நடக்க விட்டது? அப்படியே நில்லுங்க." ஸ்ட்ரெச்சரைத் தானே இழுத்து வந்தார்.

வந்தவர் சண்டைக் காட்சிகளில் அடிவாங்கி விழும் ஃபைட்டர். மாடி முகப்பிலிருந்து கீழே முற்றத்தில் போட்ட மெத்தைமேல் விழவேண்டும். விழுந்தார். மெத்தையின் ஓரத்தில், உட்கார்ந்த வாக்கில் விழுந்துவிட்டார். அக்கா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்தபடியே, இதில் எது சாயம், எது ரத்தம் என்று கேட்டாராம். எல்லாமே சாயம்தான் என்று அவர் சிரித்தாராம்.

கூட வந்த கம்பெனி ஆளுக்கு ஒரே அவசரம். மூன்று மணிக்கு அதே இடத்தில் இன்னொரு காட்சி பாக்கி. இவர் முகம் ஏற்கெனவே படத்தில் பதிந்துவிட்டதால் வேறு ஆளைப் போடமுடியாது. இவர் சும்மா நின்று ஒரு அடி வாங்கினால் போதும். ஒரு ஊசியைப் போட்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அனுப்பினால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார். மேனேஜர் அதெல்லாம் அரை மணியில் அனுப்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். பெரிய டாக்டர் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். டூட்டி டாக்டர் ஒரு சிக்கலான பிரசவத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். ஃபைட்டரும் போகவேண்டும் என்றுதான் சொன்னார். தன்னால் படப்பிடிப்பு நின்றது என்று பேர் வந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு.

எக்ஸ்ரே அறைக் கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. என் மைக்ராஸ்கோப் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. படத்தைக் கழுவிப் பார்க்கும் நேரம் போயிற்று. பிறகு என் செல்ஃபோன் அடித்தது. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அக்கா.

"எலும்பு டாக்டர் இன்னைக்கு எங்குட்டு இருக்காக?"

"தேவகோட்டையிலக்கா."

"ஃபோன் போடு. முதுகெலும்புன்னு சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. அவுக வந்து பாக்குற வரைக்கும் நான் இவரை எந்திரிக்க விடமாட்டேன்."

படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்ல டெக்னீஷியனுக்கு உரிமை கிடையாது. அது டாக்டர் சொல்லவேண்டியது. இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அக்கா அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. வெளியே வந்து, இது முறிவு, இவரை அனுப்பாதீர்கள் என்று அவர் சொன்னால் மேனேஜர் கேட்டிருக்கமாட்டார். உனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். அக்காவின் கையில் இருந்தது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். அதை எரியவிட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்.

எலும்பு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். காத்திருக்கும் நோயாளிகளை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வருவதாகவும், அதுவரை ஆளை அசைக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்போது மணி பதினொன்றே முக்கால்.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் நடைவழியில் வந்து விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டரைக்கு மறுபடி வந்தார். கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டு, விளக்கைப் பார்த்து இறக்கிக்கொண்டார். ஒரு மணிக்கு நேராக என் லேபுக்கு வந்தார். கம்பெனி ஆள் அவர் பின்னால் நின்றார்.

"நீங்க அடுத்த ரூம்லதானே இருக்கீங்க. உள்ள மெஷின் ஓடுதாம்மா?"

என் மைக்ராஸ்கோப் விளக்கு சிமிட்டி ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. வேலையில் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. லேபில் வேலை பார்ப்பவள் பொய் சொல்லப் பழகினால் அப்புறம் அவள் எழுதும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை என்று நம்பியிருந்தவள் நான். வயிற்றில் ஐந்து மாதம்.

"ஓடுது சார்," என்றேன்.

"ரெண்டு மணி நேரமாவா?"

"முதுகுக்கு நிறையப் படம் எடுக்கணும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருவரும் போய்விட்டார்கள்.

எலும்பு டாக்டர் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார். அவர் குரல் கேட்டதும்தான் அக்கா கதவைத் திறந்தார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரையும் கம்பெனி ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு முள்ளெலும்பு நசுங்கி, ஒரு சில்லு உள்நோக்கித் தள்ளியிருந்தது. இந்த ஆளை நிற்க வைத்து இன்னொரு அடி வாங்கவிட்டிருந்தால் இரண்டு காலும் போயிருக்கக்கூடும் என்றார். ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். கதாநாயகன் எங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை. ரிப்பனை யார் வெட்டினார்கள் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அந்த இரண்டு மணி நேரமும் உள்ளே என்ன பேசினீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். முதலில் ஃபைட்டர் கெஞ்சினாராம், எழுந்து போகப் பார்த்தாராம். அக்கா அவர் தோளில் கையை வைத்து அழுத்தியபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயமெல்லாம் துடைத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. "மார்க்கெட் சண்டையில தக்காளிக் கூடைமேல விழுந்தது நீங்கதான? முந்தின வருசம் போலீஸ் படத்துல ஜீப்புலேருந்து? எடது தோளைக் கொடுத்துத்தான் எப்பவும் விழுவீக," என்றிருக்கிறார். அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டாராம். பதினெட்டு வருஷமாக விழுகிறேன், வெளி ஆள் ஒருவர் என்னைக் கண்டுபிடித்தது இதுதான் முதல்தடவை என்றாராம். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல, அதில் எப்படி விழுந்தேன் என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். அவர் அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்கள். செய்தது சரியா தவறா என்பது பேச்சில்லை. நிர்வாகத்தை ஏமாற்றியது யார் என்பதுதான் பேச்சு. மேனேஜர் என்னைக் காட்டி, மெஷின் ஓடுவதாக இந்த அம்மாளும் சொன்னார் என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

"இந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது சார். செவரு மறைச்சிருக்கு. வெளக்கு எரிஞ்சா மெஷின் ஓடுதுன்னுதான் அதுவும் நெனைக்கும். எரிய விட்டது நான்தான்."

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டருக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதிதாக டிஜிட்டல் மெஷின் வாங்கப்போகிறோம், அதற்குப் படித்த ஆள் வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அக்கா ஏப்ரனைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். தேவகோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்தார். அந்தக் கோடையில் நான் படத்துக்குப் போகவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அவருக்கு ஃபோன் செய்யவும் இல்லை.

அடுத்த சித்திரையில் அந்தப் படம் வந்தது. நம்ம ஊர் வீடு வருகிறது என்று ஊரே திரண்டு போயிற்று. முதல் வார வெள்ளிக்கிழமை அக்காவே எனக்கு ஃபோன் செய்தார். "ஞாயித்துக்கிழமை மேட்னி. வாரியா?"

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். தியேட்டர் வாசலில் வெயில் கொளுத்தியது. வரிசையில் நிற்கும்போது, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு டாக்டர் அறையில் நான் பேசியிருக்கவேண்டும் என்றேன். அவர் கைப்பையில் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வயித்துல புள்ளையோட நின்னே. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி என்ன செய்யிறது? ஒரு தடவை ஓடுதுன்னு சொன்னேல்ல. அது போதும், வா."

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். ஃபைட்டர் ஆறு மாதம் படுக்கையில் இருந்து எழுந்துவிட்டார். நடக்கிறார். இனி விழமுடியாது. சண்டைக் காட்சிகளில் மற்றவர்கள் விழும் இடத்தில் மெத்தை போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அக்காவுக்குப் பேசுவார். முந்தின வாரம் பேசும்போது, நான் கடைசியாக விழுந்தது படத்தில் இருக்கிறதாம், வெட்டவில்லையாம், பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் இன்னும் பார்க்கவில்லை. அக்கா சொன்ன பிறகுதான் பார்ப்பாராம்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தச் சண்டை வந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாடி முகப்பின் மரக்கம்பிகள் சிதறின. கறுப்புச் சட்டை ஒன்று காற்றில் ஒருமுறை முழுசாகத் திரும்பி, கையை விரித்து, முற்றத்துக்குள் இறங்கியது. மூன்று விநாடி இருக்கும். தரை தொடுமுன் காட்சி மாறி, மேலே நிற்கும் கதாநாயகனின் முகம் வந்தது. தியேட்டர் முழுக்க விசில். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். அக்கா கையை விடவே இல்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிகளை எடுக்கும் கூட்டத்துக்கு நடுவே நின்று ஃபோனைப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவர். காட்சி முடியும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக் காத்திருந்திருப்பார் போலிருக்கிறது.

"தம்பி, பாத்துட்டேன்," என்றார் அக்கா. "நல்லா விழுந்திருக்கீக. மேலேருந்து ஒரு திரும்பு திரும்புனீக பாருங்க, அதுக்குத் தியேட்டரே விசிலடிச்சுது. முன்னாடி சீட்டுல ஒருத்தரு எந்திரிச்சே நின்னுட்டாரு."

விசில் எல்லாம் கதாநாயகனுக்குத்தான். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நான் என் ஸ்கூட்டியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுமுனையில் ஏதோ சொன்னார். அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். அவர் மனைவி பக்கத்திலேயே நிற்கிறாராம், ஸ்பீக்கரில் போடுகிறாராம், இன்னொருமுறை சொல்லச் சொல்கிறாராம்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஃபோனை வாய்க்கு நேரே பிடித்து, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கச் சொன்னார்.

"நல்லா விழுந்திருக்காகம்மா ஒங்க வீட்டுக்காரு."